இரண்டு ஹெல்மெட், ஒரு சண்டை

எங்கள் ஹெல்மெட் இரண்டிலும் இன்டர்காம் மாட்ட எவ்வளவு செலவானது என்று யாராவது கேட்டால், ஐந்நூற்று நாற்பது வெள்ளி என்று பட்டென்று சொல்லிவிடுவேன். கேட்டவர்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு வாசலில் நிற்கும் மோட்டாரைப் பார்ப்பார்கள். பதினோரு வருடப் பழைய காப்சாய் அது, ஊரில் எல்லோரும் வைத்திருக்கும் சின்ன மோட்டார். பக்கவாட்டில் துரு ஏறியிருக்கிறது, சீட்டில் இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறோம். இந்த வண்டிக்கு இந்த அலங்காரமா என்று என் தங்கை போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் காசு தீபாவளிக்குத் திரைச்சீலை மாற்றுவதற்காக எடுத்து வைத்திருந்தது. திரைச்சீலை இல்லாவிட்டால் யாரும் சாகப்போவதில்லை. இன்டர்காம் இல்லாவிட்டால் நாங்கள் இருவரும் பாலத்தின் மேலேயே போய்ச் சேர்ந்திருப்போம். இப்படிச் சொன்னால் கொஞ்சம் மிகையாகத் தெரியும். நடந்ததைச் சொல்கிறேன், பிறகு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது சிம்பாங் அம்பாட்டில் ஒரு தாமான், வரிசை வீடுகள் உள்ள குடியிருப்பு. எனக்கு வேலை கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், தீவில் இருக்கும் ஜார்ஜ் டவுனில், துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருவில், கப்பல் சரக்குகளுக்குப் பத்திரம் தயார் செய்யும் அலுவலகத்தில். என் வீட்டுக்காரருக்கு ஜுருவில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை. இருபத்திரண்டு வருடம் அவர் முன்னால், நான் பின்னால். காலையில் பாலம் தாண்டி என்னை அலுவலக வாசலில் இறக்கிவிட்டு, திரும்பப் பாலம் தாண்டி ஜுருவுக்குப் போவார். மாலையில் அதே சுற்று. பேருந்தில் போகிறேன் என்று நான் சொன்ன நாட்களில் எல்லாம் கோபித்துக்கொண்டார். அந்த அலைச்சலை அவர் ஒருநாளும் அலைச்சல் என்று சொன்னதில்லை.

போன வருடம் ஸ்டோரில் அடுக்கியிருந்த பெட்டிகள் சரிந்து அவருடைய வலது மணிக்கட்டின் மேல் விழுந்தன. இரண்டு அறுவை சிகிச்சை, உள்ளே ஒரு உலோகத் தகடு. கட்டுப் பிரித்தபோது விரல்கள் இருந்தன, பிடிதான் இல்லை. ஒரு காப்பிக் கோப்பையைத் தூக்கினால் பாதி வழியில் நழுவியது. மோட்டாரில் வலது கையால்தான் எண்ணெய்ப் பிடியைத் திருகி வேகம் கூட்ட வேண்டும், முன் பிரேக்கையும் அதே கையால்தான் பிடிக்க வேண்டும். கோப்பையைப் பிடிக்க முடியாதவரிடம் பிரேக்கைப் பிடி என்று யார் சொல்வது?

எனக்கு லைசென்ஸ் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே எடுத்தது. வருடா வருடம் தபால் நிலையத்தில் வரிசையில் நின்று புதுப்பித்துக்கொண்டே வந்தேன், ஒருநாளும் ஓட்டியதில்லை. ஓட்டாத லைசென்ஸுக்குக் காசு கட்டுகிறாளே என்று அவர் எத்தனையோ முறை கிண்டல் செய்திருக்கிறார். இப்போது அது பயன்பட்டது. தாமானுக்குப் பின்னால் உள்ள காலி நிலத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமை விழுந்து எழுந்து பழகினேன். என் முழங்காலில் இன்னும் தழும்பு இருக்கிறது.

அவருக்கு வாரம் மூன்று நாள் தீவில் பெரிய ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி. நான் வேலைக்குப் போகும் வழியில் கூட்டிப்போகலாம், முடிந்ததும் அவர் சூலியா தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டு எனக்காகக் காத்திருக்கலாம் என்று சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "கை சரியாகுற வரைக்கும்தாங்க" என்று சேர்த்துக்கொண்டேன். அதற்குத்தான் அவர் ஒப்புக்கொண்டார்.

ஒப்புக்கொண்டாரே தவிர, அதிலும் ஒரு கோளாறு வைத்தார். எங்கள் தாமான் முகப்பில் ஒரு பேருந்து நிறுத்தம் உண்டு. அங்கிருந்து எங்கள் வீடு நானூறு அடி தூரம்கூட இருக்காது. மாலையில் அந்த இடம் வந்ததும் என் தோளில் தட்டி நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுவார். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்பார். கைக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் காலை நடக்கச் சொன்னாராம். காலையில் எனக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே கிளம்பி அதே நிறுத்தத்தில் போய் நிற்பார், நான் அங்கே போய் ஏற்றிக்கொள்ள வேண்டும். எங்கள் தாமானில் ஒரு ஆண் தன் மனைவிக்குப் பின்னால் உட்கார்ந்து போனதை நானும் பார்த்ததில்லை. அதற்காகப் பாலம் முழுக்க என் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டு, கடைசி நானூறு அடிக்கு மட்டும் மானம் பார்ப்பதா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரே வைராக்கியம்: இந்த மனிதர் என் பின்னால் உட்கார்ந்தபடியே எங்கள் வீட்டு வாசல்வரை வரவேண்டும். அடுத்த தீபாவளிக்குள் வரவேண்டும்.

ஆனால் அதற்கு முன்னால் உயிரோடு இருக்க வேண்டுமே. ஓட்டத் தெரிந்த ஒருவர் பின்னால் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அவர் சும்மா இருக்கவே மாட்டார். ஏதாவது சொல்லிக்கொண்டே வருவார். பாலத்தின் மேல் காற்று அவர் சொல்வதை எல்லாம் கடலுக்குக் கொண்டுபோய்விடும். எனக்கு ஒரு வார்த்தைகூட விளங்காது. உடனே தோளில் தட்டுவார், விலாவில் குத்துவார். ஒருநாள் பாலத்தின் நடுவில் அவர் மூன்று முறை தட்டவும், என்னவோ ஏதோ என்று நான் தலையைத் திருப்பினேன். அந்த ஒரு நொடியில் மோட்டார் வலதுபக்கம் போய்விட்டது. பக்கத்தில் வந்த லாரியின் ஹார்ன் என் காதுக்குள்ளேயே அடித்தது. எப்படி நேராக்கினேன் என்று இன்றுவரை தெரியாது. பாலம் இறங்கி ஓரமாக நிறுத்தினேன். எதற்காகத் தட்டினீர்கள் என்று கேட்டேன். என் கைப்பை ஜிப் திறந்திருந்ததாம்.

அந்த வாரமே இன்டர்காம் தேட ஆரம்பித்தேன். கூட்டமாகப் பெரிய மோட்டாரில் போகிறவர்கள் ஹெல்மெட்டின் பக்கத்தில் கறுப்பாக ஒரு சிறிய டப்பா வைத்திருப்பார்கள், சிக்னலில் நிற்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே பேசிச் சிரிப்பார்கள். அதுதான் என் கண்ணில் பட்டிருந்தது. மதிய இடைவேளையில் விசாரித்துக்கொண்டு போனேன். சூலியா தெருவுக்கு இரண்டு சந்து தள்ளி, வெள்ளைக்காரர்களுக்கு மோட்டார் வாடகைக்கு விடும் கடைகளுக்கு நடுவில், ஒரு சீனர் இந்தச் சாமான்களை விற்றார். முதலில் அவர் காட்டியது ஒரு ஜோடி ஆயிரத்து முன்னூறு வெள்ளி. நான் என் மோட்டாரை விரலால் காட்டினேன். அவர் கீழ்த்தட்டிலிருந்து வேறொரு பெட்டியை எடுத்தார். ஜோடி இருநூற்று அறுபது. சந்தையில் மீன் வாங்குவதுபோல் பேரம் பேசிப் பார்த்தேன், அசையவில்லை.

அதோடு முடியவில்லை. எங்களிடம் இருந்தவை தலையில் கவிழ்த்த சட்டி மாதிரியான பாதி ஹெல்மெட்டுகள். அவற்றில் காதை மூடும் பகுதியே இல்லை, ஸ்பீக்கரை எங்கே வைப்பது? முகம் முழுக்க மூடுகிற ஹெல்மெட் வேண்டும் என்றார். அது ஒன்று நூற்று இருபது. மாட்டிக் கொடுக்க ஒன்றுக்கு இருபது. உள்ளே இருக்கும் பஞ்சைக் கழற்றி, காது வரும் இடத்தில் குழி பார்த்து ஸ்பீக்கரைப் பதித்து, வயரை மடித்துச் செருகி, வாய்க்கு நேரே மைக்கை ஒட்டிக் கொடுக்க வேண்டும். வீட்டிலேயே நாமே மாட்டலாம் என்று யூடியூப்பில் ஒருவன் சொல்கிறான். என் வீட்டில் இருக்கும் நல்ல கைகள் மொத்தம் மூன்று. நாற்பது வெள்ளியைக் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் இதைச் சொன்னபோது அவர் குதித்தார். வாரம் மூன்று நாளைக்கு இவ்வளவு செலவா, உனக்குப் பைத்தியமா என்றார். மூன்று நாளானாலும் இரண்டு உயிர் என்றேன். ஒற்றைக் காலில் நின்றேன். பிறகு, முகம் முழுக்க மூடுகிற ஹெல்மெட், கண்ணாடி கறுப்பாக இருக்கும் என்று சொன்னேன். அதைக் கேட்டதும் அவர் குரல் மாறியது. எவ்வளவு கறுப்பு என்று கேட்டார். வெளியிலிருந்து பார்த்தால் ஆள் யார் என்று தெரியாத அளவுக்கு என்றேன். சரி வாங்கு, காற்றில் கண் எரியாமல் இருக்கும் என்றார். என்னமோ அவருடைய கண் எரிச்சல் எனக்குத் தெரியாததுபோல.

மாட்டிய அன்று என் இடது காது கிழியப் பார்த்தது. ஸ்பீக்கர் சரியாகத் தோட்டின் மேல் உட்கார்ந்தது, தோட்டின் திருகு காதின் பின்புறத்தைக் குத்திற்று. கழற்றி வைத்துவிடுங்கள் என்று கடைக்காரர் மலாயில் சாதாரணமாகச் சொன்னார். அது கல்யாணத்தன்று போட்ட தோடு, குழந்தை பெறப் போன அன்றுகூட நர்ஸோடு சண்டை போட்டுக் கழற்றாமல் இருந்தவள் நான். கழற்ற மாட்டேன் என்றேன். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு, கத்தியால் பஞ்சை இன்னும் ஆழமாகக் குடைந்து கொடுத்தார். அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

இன்டர்காம் போட்டு ஓட்டிய முதல் நாள் எனக்கு மோட்டாரைக் கடலில் தள்ளிவிட்டு நடந்தே போய்விடலாமா என்று இருந்தது. இத்தனை நாள் காற்று கொண்டுபோனதெல்லாம் இப்போது நேராக என் மண்டைக்குள் இறங்கியது. கியரை இறக்கு, அந்தச் சிவப்புக் காரைப் பார், அவன் திரும்புவான், சிக்னல் போடு, சிக்னலை அணை, ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறாய், ஏன் இவ்வளவு வேகம். இருபத்திரண்டு வருடம் நான் பின்னால் உட்கார்ந்து ஒரு நாளாவது இப்படிச் சொல்லியிருப்பேனா? மறுநாள் ஒரு சட்டம் போட்டேன். பாலத்தின் மேல் மூன்றே மூன்று விஷயத்துக்குத்தான் வாயைத் திறக்கலாம்: லாரி, குழி, மழை. மீறினால் நிறுத்தி இறக்கிவிடுவேன் என்றேன். பாலத்தின் மேல் நிறுத்தக்கூடாது என்று அவர் சொன்னார். அதுவே நான்காவது விஷயம் என்றேன்.

அவர் சட்டத்தை மதித்தார். ஒரே ஒருமுறை மீறினார். அன்று பாலத்தின் உச்சியில் காற்று பக்கவாட்டில் வந்து வண்டியைத் தள்ளியது, நான் பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியை முறுக்கிப் பிடித்திருந்தேன். "கைய இறுக்காத. தளர விடு. அதுவே நேராப் போகும்" என்றார். சத்தமில்லாமல், கோபமில்லாமல் சொன்னார். தளர விட்டேன். வண்டி நேராகப் போனது. ஐந்நூற்று நாற்பது வெள்ளியில் பாதி அந்த இடத்திலேயே தேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும், யாரிடமும் சொல்லாதது. எனக்கு அந்தப் பாலம் பயம். ஒவ்வொரு நாளும் பயம். ஏற்றம் தொடங்கியதிலிருந்தே கீழே தண்ணீரைப் பார்க்காமல் முன்னால் போகிற மோட்டாரின் நம்பர் பிளேட்டையே பார்த்துக்கொண்டு போவேன். இறங்கியபிறகு உள்ளங்கை இரண்டும் நனைந்திருக்கும். ஆனால் அலுவலகத்தில் கேட்டால் பாலமா, ஊதித் தள்ளிவிடுவேன் என்பேன்.

இன்டர்காம் வந்து இரண்டாவது மாதம். வழக்கம்போல மாலையில் தாமான் முகப்பில் அவர் இறங்கினார். வழக்கம்போல ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கறுப்புக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, ஹெல்மெட்டோடு நடந்துதான் வருவார். அதைப் பார்த்தால்தான் எல்லோரும் யார் இது என்று திரும்பிப் பார்ப்பார்கள் என்று நான் சொன்னது அவருக்கு ஏறவில்லை. நான் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட் தலையில் இருக்கக் கைப்பையில் சாவியைத் துழாவிக்கொண்டிருந்தேன். என் காதுக்குள் எதிர்வரிசைத் தம்பியின் குரல் கேட்டது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், தினமும் அந்நேரத்தில் வேனைக் கழுவிக்கொண்டு போகிற வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுப்பார். எனக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் விளங்கியது. இந்த டப்பா அரை கிலோமீட்டர்வரை கேட்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரர் இறங்கிப் போனாலும் இணைப்பு போகவில்லை.

அந்தத் தம்பி கை எப்படி இருக்கிறது, எப்போது மறுபடி மோட்டார் ஓட்டப் போகிறீர்கள் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் சிரித்தார்.

"நான்தான்லா ஓட்டுறேன். தீவுலேருந்து பாலமெல்லாம் நான்தான். இங்க முன்னாடி வந்ததும் அவகிட்ட குடுத்துடுவேன், தாமானுக்குள்ள ஓட்டிப் பழகட்டும்னு."

"அப்படியாண்ணே. நான் அக்காதான் ஓட்டுறாங்கன்னு நெனச்சேன்."

"பாலத்துல அவளா? பயந்துருவா தம்பி."

சாவி கையில் இருந்தது, கதவைத் திறக்கத் தோன்றவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பின்னால் உட்கார வெட்கம் என்றால் புரிந்துகொள்ளலாம். ஆம்பளைத்தனம், ஊர் வாய், எல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நான் தாண்டுகிற பாலத்தை எடுத்து அவர் தன் பெயரில் எழுதிக்கொள்வதா? காதுக்குள்ளேயே கத்தியிருப்பேன். அடக்கிக்கொண்டு இன்டர்காமை அணைத்தேன். அவர் வந்து சேர்ந்ததும் தேநீர் போட்டுக் கொடுத்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன தலைவலியா என்று கேட்டார்.

இரண்டு நாள் கழித்து அடுத்த பயிற்சி நாள். அந்த இரண்டு நாளும் நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். மாலையில் பாலம் தாண்டி, ஜுரு தாண்டி, தாமான் முகப்பு வந்தது. நிறுத்து என்றார். நான் நிறுத்தவில்லை. பேருந்து நிறுத்தம் பின்னால் போனது.

கேட்கவில்லையா, நிறுத்து என்றார் மறுபடியும். கேட்கிறது என்றேன். தோளில் தட்டினார். தட்டுகிற காலமெல்லாம் போய்விட்டது என்றேன். வேனைக் கழுவிக்கொண்டிருந்த தம்பியின் வீட்டுக்கு நேர் எதிரே கொண்டுபோய் நிறுத்தினேன். பக்கத்துப் பூப்பந்துத் திடலில் நாலைந்து ஆண்கள் நின்றிருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு இன்னும் ஐந்து வீடு இருந்தது. இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டேன், என்ஜினை அணைக்கவில்லை.

இந்த இன்டர்காமில் ஒரு வசதி உண்டு, கடைக்காரர் சொல்லாதது. நடுத்தெருவில் வைத்து எவ்வளவு சண்டை வேண்டுமானாலும் போடலாம், யாருக்கும் கேட்காது. என்ஜின் சத்தம் வேறு. வெளியிலிருந்து பார்த்தால் கறுப்புக் கண்ணாடி போட்ட இரண்டு ஹெல்மெட்டுகள், இரண்டும் நேராக முன்னால் பார்த்துக்கொண்டு, பெட்ரோல் தீர்ந்துபோனவர்கள் மாதிரி நின்றிருக்கும்.

அன்று அவர் தம்பியிடம் சொன்னதெல்லாம் எனக்குக் கேட்டது என்றேன். பாலமெல்லாம் நீங்கள் ஓட்டுகிறீர்களாம், நான் தாமானுக்குள் பழகுகிறேனாம் என்று ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னேன். இறங்குவார் என்று நினைத்தேன், இறங்கவில்லை. என் பின்னால் உட்கார்வது அவ்வளவு கேவலமா என்று கேட்டேன். என் குரல் உடைந்தது, அதற்காக என் மேலேயே கோபம் வந்தது.

"கேவலம் இல்ல" என்றார். "கை வராதாம்."

என்ன என்றேன்.

"பிடி திரும்ப வராதாம். ரெண்டு வாரம் முன்னாடியே சொல்லிட்டாங்க. பயிற்சி செஞ்சா வலி கொறையும், அவ்வளவுதான். மோட்டார் மறந்துருங்கன்னு சொல்லிட்டாங்க."

எனக்குத் திரும்பி அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. காலை ஊன்றி வண்டியைத் தாங்கிக்கொண்டிருந்தேன், திரும்பினால் சாய்ந்துவிடும். இரண்டு வாரம் என்றால் ஆறு பயிற்சி நாள். அந்த ஆறு நாளும் நான் அவரை ஏற்றிக்கொண்டு போய், ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். சூலியா தெருவில் எதிரெதிரே உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டிருக்கிறோம். ஒருநாள்கூட அவர் முகத்தில் நான் எதையும் பார்க்கவில்லை. லாரி, குழி, மழை என்று நானே அவர் வாயைக் கட்டிப்போட்டிருந்தேன் என்பதும் நினைவுக்கு வந்தது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"கை சரியாகுற வரைக்கும்னுதானே நீ ஆரம்பிச்ச" என்றார். "பாலத்துல நீ மூச்சு வாங்குறது எனக்குக் கேக்குது. முருகா முருகான்னு சொல்றதும் கேக்குது. இன்னும் ரெண்டு மாசம்னா பல்லக் கடிச்சுக்கிட்டு ஓட்டுவ. இனிமே எப்பவுமே நீதான்னு உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

நான் முருகா என்று சொல்வது எனக்கே தெரியாது. அவர் பேச்சு என் காதுக்குள் வரும் என்பதற்காகத்தான் அந்த மைக்கை வாங்கினேன். என் வாய்க்கு எதிரிலும் ஒன்று இருக்கிறது என்பதை நான் யோசிக்கவே இல்லை. எனக்கு அழுகை வந்தது. முகம் மூடிய ஹெல்மெட்டுக்குள் அழுதால் துடைக்க முடியாது, மூக்கையும் உறிஞ்ச முடியாது, உறிஞ்சினால் அதுவும் அவருக்குக் கேட்கும். தம்பியிடம் சொன்னது பொய்தான், அப்படிச் சொல்லும்போது கொஞ்ச நேரம் தானே ஓட்டிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது என்று அவர் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரல் மிகவும் சின்னதாக இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

எனக்குக் கோபம் போகவில்லை, ஆனால் அது வேறு பக்கம் திரும்பிவிட்டது. அந்தப் பெட்டிகள் மேல், அந்தத் தகட்டின் மேல், இரண்டு வாரம் அவர் தனியாகத் தூக்கிக்கொண்டு நடந்ததன் மேல்.

"பயம்தான்" என்றேன். "தெனம் பயம்தான். பயந்துக்கிட்டேதான் ஓட்டுறேன். ஆனா ஓட்டுறேன்ல? ஒருநாளாவது பாதியில நிறுத்தினேனா?"

"இல்ல."

"அப்ப இனிமேயும் ஓட்டுவேன். நீங்க பாக்குறதுக்கு ஓட்டல, ஊர் பாக்குறதுக்கும் ஓட்டல. நமக்குப் போகணும், ஓட்டுறேன். நீங்க பின்னாடி உக்காந்து கைய இறுக்காதன்னு சொல்லணும். அத வேற யாரும் எனக்குச் சொல்ல மாட்டாங்க."

என் வலது கால் வலிக்க ஆரம்பித்தது. எவ்வளவு நேரம் அப்படியே நின்றோம் என்று தெரியாது. தண்ணீர்க் குழாயை அணைத்துவிட்டு அந்தத் தம்பி எங்களைப் பார்த்து நடந்து வந்தார். திடலில் இருந்தவர்களும் பந்தடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"என்னண்ணே, மோட்டார்ல பிரச்சனையா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். முன்னால் இருந்த ஹெல்மெட்தான் அண்ணன் என்று நினைத்துவிட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். இதை நான் சொன்னால் என் வெற்றி, அவருடைய தோல்வி என்று ஆகிவிடும். எனக்கு அந்த வெற்றி வேண்டாம் என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் சொல்லாவிட்டால் அடுத்த முறை பேருந்து நிறுத்தத்திலேயே இறக்கிவிடுவது என்று முடிவு செய்தேன். அவருக்கு வேண்டிய மட்டும் நடக்கட்டும்.

பின்னால் அவர் அசைவது சீட்டில் தெரிந்தது. இடது கையால் கண்ணாடியை மேலே தள்ளினார்.

"பிரச்சன ஒன்னுமில்ல தம்பி. அன்னிக்கி உங்கிட்ட மாத்திச் சொல்லிட்டேன். என் கை இனிமே வராதாம். இவதான் ஓட்டுறா. பாலமும் இவதான்."

ஸ்பீக்கரில் ஒருமுறையும் முதுகுக்குப் பின்னால் நேராக ஒருமுறையுமாக, அதை நான் இரண்டு தடவை கேட்டேன். அந்தத் தம்பி ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார். பிறகு என் ஹெல்மெட்டைப் பார்த்து, "ரொம்பக் காத்து அடிக்குமேக்கா அங்க" என்றார்.

"அடிக்கும் தம்பி" என்றேன்.

முதல் கியரைப் போட்டேன். ஐந்து வீட்டையும் தாண்டி, அவரை எங்கள் வாசலில் கொண்டுபோய் இறக்கினேன்.